டெரெக் ஜார்மனை ஏன் முன்னோடி என்கிறார்கள்?

கேள்வி: பிரிட்டிஷ் இயக்குநர் டெரெக் ஜார்மனைத் தன்பாலீர்ப்பு சினிமாவின் முன்னோடி என்கிறார்கள். ‘ப்ளூ’ படத்தைப் போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க நீல நிறம் மட்டும்தான் இருந்தது, பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் அப்படி என்ன செய்தார்? அவர் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்:

‘ப்ளூ’, ஜார்மன் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிப் படம். அதற்குப் பின்னால் இருபது வருட உழைப்பு இருக்கிறது. கண்பார்வை போய்க்கொண்டிருந்த மனிதர் எடுத்த படம் அது. அதற்கு முன்பு வரை திரையை வண்ணங்களால் நிறைத்தவர் அவர். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த நீலத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். அதனால் அந்தப் படத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஆளைப் பற்றிப் பேசுவோம்.

தன்பாலீர்ப்பாளர்களான பெரிய இயக்குநர்கள் அவருக்கு முன்பே உண்டு. ஜெர்மனியில் முர்னாவ், ஹாலிவுட்டில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்த ஜேம்ஸ் வேல், இத்தாலியில் பசோலினி. பிரிட்டனிலேயே 1961இல் ‘விக்டிம்’ என்ற படம் வந்தது. தன்பாலீர்ப்பாளர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலை எதிர்த்து நிற்கும் வழக்கறிஞரின் கதை. அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலான முயற்சி. ஆனால் அந்தப் படம் பார்வையாளரிடம் இரக்கத்தை வேண்டி நிற்கிறது: இவர்களும் மனிதர்கள்தானே, சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தக்கூடாதா என்கிறது. ஜார்மன் இரக்கம் கேட்கவே இல்லை. அவர் கேட்டது வரலாற்றை. தேவாலயத்து ஓவியங்களிலும் ஷேக்ஸ்பியரின் சானெட் கவிதைகளிலும் இங்கிலாந்தின் அரியணையிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள், அவர்களை நீங்கள் பூசி மறைத்தீர்கள், இப்போது நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார். எனக்குத் தெரிந்தவரை அவர் முன்னோடி என்பதற்கு இதுதான் முதல் காரணம். தனக்கு முன்னால் தன்னைப் போல் யாருமே இருந்ததில்லை என்று நம்பவைக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் ஒரு மூதாதையர் வரிசையையே கட்டித் தந்தார்.

1942 ஜனவரி 31 அன்று லண்டனை ஒட்டிய நார்த்வுட்டில் பிறந்தார். அப்பா நியூசிலாந்திலிருந்து வந்து பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தவர், போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். போர் முடிந்ததும் குடும்பம் சில காலம் இத்தாலியில் இருந்தது. மாஜோரே ஏரிக்கரையில் பழைய மாளிகை ஒன்றில் தங்கியிருந்தபோது நான்கு வயதுப் பையனுக்கு அப்பாவும் அம்மாவும் பூச்செடி வளர்ப்பது பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தோட்டத்தின் மீது வந்த பித்து அங்கே தொடங்கியது என்று பின்னாளில் எழுதினார். அதன் பிறகு வந்த உறைவிடப் பள்ளி வருடங்களை அவர் எப்போதும் கசப்போடுதான் நினைவுகூர்ந்தார்.

அவர் கல்லூரிக்காக லண்டன் வந்த 1960இல், இரண்டு ஆண்கள் காதலித்து வாழ்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1967இல் சட்டம் திருத்தப்பட்டபோது அவருக்கு 25 வயது. அந்தத் திருத்தமும் அரைகுறைதான். இருவரும் 21 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும், நாலு சுவருக்குள் இருக்க வேண்டும், அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்து 1980 வரையும் வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் படங்களில் கொதிக்கும் கோபத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம். குற்றவாளி என்ற முத்திரையோடுதான் அந்தத் தலைமுறை தன் இளமையைக் கழித்தது.

கிங்ஸ் கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் கலை வரலாறும் படித்துவிட்டு ஸ்லேட் கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். சினிமாவுக்கு அவர் வந்ததே செட் போடும் வேலை வழியாகத்தான். கென் ரஸ்ஸல் இயக்கிய ‘தி டெவில்ஸ்’ (1971) படத்துக்குப் பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு நகரமான லூடனை வடிவமைத்தார். பழைய காலத்து நகரம் என்றால் அழுக்கும் இருட்டும் சிதிலமுமாகக் காட்டுவதுதான் வழக்கம். ஜார்மன் முழு நகரத்தையும் வெள்ளை வெளேரென்று, ஆஸ்பத்திரிச் சுவர்போலப் பளபளக்கும்படி எழுப்பினார். அந்த நகரத்து மனிதர்களுக்கு அது பழைய ஊர் இல்லை, புத்தம்புது ஊர் என்பது அவர் வாதம். பின்னால் அவர் எடுத்த வரலாற்றுப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

அதே காலத்தில் தேம்ஸ் நதிக்கரையில் கைவிடப்பட்ட கிடங்குகளில் குடியிருந்தார். குளிர் தாங்க முடியாமல், கிடங்குக்குள்ளேயே கண்ணாடிச் செடிக்கூடம் ஒன்றை நிறுத்தி அதற்குள் படுத்தார். சூப்பர் 8 கேமரா கைக்கு வந்தது. குடும்பங்கள் பிறந்தநாளும் கடற்கரையும் எடுக்கப் பயன்படுத்திய சின்ன கேமரா அது. அதில் வினாடிக்கு மூன்று முதல் ஆறு பிரேம் என்ற மெதுவான வேகத்தில் எடுத்து, அதே மெதுவான வேகத்தில் திரையிட்டார். அசைவு ஒழுகாமல் விட்டுவிட்டுத் துடிக்கும். ஒவ்வொரு பிரேமும் தனி ஓவியமாக ஒரு கணம் நின்றுவிட்டுப் போகும். ஃபிலிம் செலவும் குறைவு. நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள், கண்ணாடித் துண்டும் நெருப்பும் பழைய துணியும் வைத்துப் படம் எடுப்பார்கள், அன்றைக்கே சமைத்துச் சாப்பிடுவார்கள். கடைசிவரை அவர் படப்பிடிப்புகள் இப்படித்தான் நடந்தன.

முதல் முழுநீளப் படம் ‘செபாஸ்டியான்’ (1976), பால் ஹம்ஃப்ரெஸோடு சேர்ந்து இயக்கியது. அம்புகள் தைத்து நிற்கும் இளைஞராகப் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்துவந்த ரோமானியப் படைவீரர் புனித செபாஸ்டியனின் கதை. சார்டினியாத் தீவில், கொளுத்தும் வெயிலில், சொற்பக் காசில் எடுத்தார்கள். வசனம் முழுக்க லத்தீன். சிப்பாய்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் கெட்ட வார்த்தைகள் உட்பட எல்லாமே லத்தீன், கீழே ஆங்கில சப்டைட்டில். சொந்த நாட்டிலேயே சப்டைட்டிலோடு வந்த ஆங்கிலேயப் படம்! ஆண் உடலை ஆண் ஆசையோடு பார்க்கும் பார்வையை மன்னிப்புக் கேட்காமல், தண்டனைக் கதையாக்கிச் சமாதானம் சொல்லாமல் பிரிட்டிஷ் திரையில் வைத்தது இந்தப் படம்தான். செபாஸ்டியன் சாவது உண்மை. ஆனால் அவரைக் கொல்வது அவர் காதல் இல்லை, அவரை அடைய முடியாத அதிகாரியின் வெறி. 1985இல் சேனல் 4 தொலைக்காட்சி இந்தப் படத்தை ஒளிபரப்பியபோது ஒழுக்கக் காவலர்கள் கொதித்தெழுந்தார்கள், விஷயம் நாடாளுமன்றம் வரை போனது.

அடுத்த இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஜூபிலி’ (1978) முதலாம் எலிசபெத் ராணியை, பங்க் என்ற கலக இசையில் ஊறிய இளைஞர்களின் சிதைந்த லண்டனுக்குக் கொண்டுவரும் படம். கரடுமுரடானது, பாதி நன்றாக இருக்கும், பாதி இருக்காது. பங்க் உடைகளைப் பிரபலமாக்கிய விவியென் வெஸ்ட்வுட், இதைத் தாக்கி எழுதிய கடிதத்தையே டி-ஷர்ட்டில் அச்சிட்டு வெளியிட்டார். ‘தி டெம்பெஸ்ட்’ (1979) ஷேக்ஸ்பியர் நாடகத்தின் தாராளமான, அழகான திரைவடிவம். அதன் முடிவில் எலிசபெத் வெல்ச் மாலுமிகள் சூழ வந்து ‘ஸ்டார்மி வெதர்’ பாடும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

இத்தாலிய ஓவியர் ஒருவரின் பெயரையே கொண்ட ‘காரவாஜியோ’ (1986) பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும். இதற்காக ஏழெட்டு வருடம் அலைந்தார். திரைக்கதையைத் திரும்பத் திரும்ப எழுதினார். இத்தாலிக்குப் போய் எடுக்கப் பணம் சேரவே இல்லை. கடைசியில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் கொடுத்த சிறு தொகையை வைத்துக்கொண்டு, லண்டன் துறைமுகப் பகுதியில் ஒரு கிடங்குக்குள் முழுப் படத்தையும் எடுத்து முடித்தார். ரோம் நகரமும் இல்லை, கடலும் இல்லை. இருட்டு, ஒரு சுவர், பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம், அவ்வளவுதான். காரவாஜியோவின் ஓவியங்களில் இருப்பதும் அதுதானே! தெருவிலிருந்து கூட்டிவந்த மனிதர்களை இருட்டறையில் நிறுத்தி, அவர்கள் மேல் ஒற்றை வெளிச்சத்தைப் பாய்ச்சி, அவர்களைப் புனிதர்கள் என்று வரைந்தவர் காரவாஜியோ. நிதிப் பற்றாக்குறை ஜார்மனைத் தன் நாயகனின் வேலைமுறைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

அதில் ஒரு காட்சி. காரவாஜியோ, ரனுச்சியோ என்ற சண்டைக்காரனை மாடலாக நிறுத்தி வரைந்துகொண்டிருக்கிறார். அசையாமல் நிற்க நிற்க, ஒவ்வொரு தங்கக் காசாக அவனை நோக்கி வீசுகிறார். அவன் கையில் பிடித்து வாய்க்குள் அடக்கிக்கொள்கிறான். கன்னம் காசால் உப்புகிறது. கடைசிக் காசைக் காரவாஜியோ வீசுவதில்லை. தன் பற்களில் கவ்விக்கொண்டு கிட்டே போய், வாயோடு வாயாகக் கொடுக்கிறார். வசனம் தேவைப்படவில்லை. ஆசை, கூலி, அதிகாரம், கலை என நான்கும் ஒரே காசில் கைமாறுகின்றன. ரனுச்சியோவாக நடித்த ஷான் பீனுக்கு அது ஆரம்ப காலப் படம். நடிகை டில்டா ஸ்வின்டனுக்கு முதல் படம். உடைகளை வடிவமைத்த சாண்டி பவல் பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கினார், அவருக்கும் இதுதான் முதல் படம்.

படத்தில் டைப்ரைட்டர் உண்டு, கால்குலேட்டர் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இதெல்லாம் எப்படி என்று சிலர் கேட்டார்கள். காரவாஜியோவே விவிலியக் காட்சிகளைத் தன் காலத்து உடைகளில்தான் வரைந்தார். ஜார்மன் அவர் வழியில் போனார், அவ்வளவே. பெர்லின் விழாவில் படத்துக்கு வெள்ளிக் கரடி கிடைத்தது.

அதே 1986 டிசம்பர் 22 அன்று தனக்கு எச்ஐவி இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அன்றைக்குப் பயனுள்ள கூட்டு மருந்துகள் வந்திருக்கவில்லை. முடிவு வந்தது போலத்தான். பத்திரிகைகள் நோயாளிகளைத் தேடிப் பிடித்துப் பெயர் போட்டு அவமானப்படுத்திக்கொண்டிருந்தன. வேலை போகும், வீடு போகும் என்று பயந்து எல்லோரும் ஒளிந்த காலம். ஜார்மன் தானாகவே வெளியில் சொன்னார். பேட்டிகளில் பேசினார், நாட்குறிப்பில் எழுதினார், தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார். பிரிட்டனில் பெயர் பெற்ற ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக அதைச் சொன்னது அப்போது மிக அரிது. அவர் படங்களையெல்லாம் விட இது பெரிய காரியம் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான்.

1988இல் பிரதமர் தாட்சரின் அரசு ‘பிரிவு 28’ என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது அது. பள்ளிகளில் இதைப் பற்றிப் பேசவே ஆசிரியர்கள் பயந்தார்கள். இங்கிலாந்தில் 2003இல்தான் நீக்கினார்கள். இந்தச் சூழலில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து’ படத்துக்குக் கதை என்று ஒன்று கிடையாது. சூப்பர் 8 காட்சிகள், அவர் அப்பாவும் தாத்தாவும் எடுத்த பழைய குடும்பப் படத்துண்டுகள், இடிந்த துறைமுகம், முகமூடி போட்ட துப்பாக்கிக்காரர்கள். முடிவில் டில்டா ஸ்வின்டன் கல்யாண கவுனோடு நெருப்புக்கு முன்னால் நின்று, பெரிய கத்தரிக்கோலால் அந்த உடையை வெட்டிக் கிழித்து, பல்லால் கடித்துப் பிய்த்துச் சுழல்கிறார். படம் துடிக்கிறது. ஒரு நாட்டைப் பறிகொடுத்த ஆத்திரம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். பொறுமையைச் சோதிக்கும் படம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசிக் காட்சி அதுவரை உட்கார்ந்ததற்கு முழுக் கூலி.

நோய் தெரியவந்ததை ஒட்டிய மாதங்களில் அவர் செய்த இன்னொரு காரியம், கென்ட் கடற்கரையில் டன்ஜெனஸ் என்ற இடத்தில் மீனவர் குடில் ஒன்றை வாங்கியது. அப்பா இறந்து வந்த பணம். கறுப்புத் தார் பூசிய மரச்சுவர், மஞ்சள் ஜன்னல்கள், எதிரே கடல், பக்கத்தில் அணுமின் நிலையம். மண்ணே கிடையாது, எங்கும் கூழாங்கல். உப்புக் காற்று செடிகளைக் கருக்கிவிடும். அவர் கல்லைத் தோண்டிக் குழி பறித்து, எருவைக் கொட்டி, செடி நட்டார். பாப்பி, லாவெண்டர், அந்தக் கரையிலேயே தானாக விளையும் கடற்கேல். நடுவில் வட்ட வட்டமாகத் தீக்கற்கள், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகள், துருப்பிடித்த சங்கிலி. வேலி போடவில்லை. தோட்டம் எங்கே முடிகிறது, கடற்கரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 2020இல் அந்தக் குடில் விற்பனைக்குப் போகவிருந்தபோது பொதுமக்களிடம் நிதி திரட்டி, 35 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்துக் காப்பாற்றினார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மனிதர்கள்.

‘எட்வர்ட் II’ (1991) கிறிஸ்டோபர் மார்லோவின் நாடகம். தன் காதலன் கேவ்ஸ்டனுக்காக அரியணையையும் உயிரையும் இழந்த இங்கிலாந்து மன்னரின் கதை. படத்தில் மன்னரின் படையாக வருபவர்கள் அன்றைய லண்டனில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக நிஜமாகவே தெருவில் இறங்கிப் போராடிய ‘அவுட்ரேஜ்’ அமைப்பினர், நிஜப் பதாகைகளோடு. எதிரே கேடயம் ஏந்திய கலவரத் தடுப்புப் போலீஸ். நானூறு வருடம் பழைய வசனம், முந்தைய வாரத்து ஆர்ப்பாட்டம், இரண்டும் ஒரே சட்டகத்தில். பிரிந்துபோகும் காதலர்களுக்காக ஆனி லெனாக்ஸ் வந்து பாடுகிறார். அரசி இசபெல்லாவாக நடித்த ஸ்வின்டனுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது. ஆனால் அந்த அரசியை ரத்தம் குடிக்கும் பிசாசாக ஆக்கியதில் பெண்வெறுப்பு இருக்கிறது என்று அப்போதே விமர்சனம் வந்தது. அது நியாயமான விமர்சனம் என்பதே என் கருத்து. தள்ளிவைக்கப்பட்ட மனைவியின் துயரத்தை முதல் பாதியில் அவ்வளவு நுட்பமாகக் காட்டியவர், பின்பாதியில் அதைக் கைவிட்டுவிட்டார்.

கோபத்தில் அவர் தன்னவர்களையும் விட்டுவைக்கவில்லை. நடிகர் இயன் மெக்கெல்லன் சர் பட்டம் ஏற்றுக்கொண்டபோது, பிரிவு 28 கொண்டுவந்த அரசின் கையால் விருது வாங்குவதா என்று கார்டியன் நாளிதழில் கண்டித்து எழுதினார். மெக்கெல்லனுக்கு ஆதரவாகக் கலைஞர்கள் பலர் கூட்டாகப் பதில் எழுதினார்கள். இன்று யோசித்தால், உள்ளே இருந்து பேசிய மெக்கெல்லனும் வெளியே நின்று கத்திய ஜார்மனும் அந்த இயக்கத்துக்குத் தேவைப்பட்டார்கள். ஆனால் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம்.

இப்போது ‘ப்ளூ’ (1993). எய்ட்ஸோடு வந்த வைரஸ் தொற்று அவர் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. ஓவியர் இவ் கிளைன் தன் ஓவியங்களுக்கென்றே உருவாக்கிய அடர்நீலத்தை வைத்து ஒரு படம் என்ற எண்ணம் பல வருடங்களாகவே அவரிடம் இருந்தது. பார்வை போகத் தொடங்கியதும் அந்த எண்ணத்துக்கு உயிர் வந்தது. ஏறக்குறைய 79 நிமிடம் அசையாத நீலம், அதன் மேல் குரல்கள்: நைஜல் டெர்ரி, ஜான் குவென்டின், டில்டா ஸ்வின்டன், ஜார்மன். மருத்துவமனையில் காத்திருக்கும் அறை, சொட்டுச்சொட்டாக ஏறும் மருந்து, அந்த மருந்தின் பக்கவிளைவுகளின் நீண்ட பட்டியல், செத்துப்போன நண்பர்களின் பெயர்கள், கடல், காதல். நோயாளியின் மெலிந்த உடம்பைக் காட்டி அனுதாபம் வாங்கும் படங்கள் அப்போது நிறைய வந்தன. ஜார்மன் தன் உடம்பைப் பார்வையாளரின் கண்ணுக்குத் தர மறுத்துவிட்டார். 1993 செப்டம்பர் 19 அன்று சேனல் 4 தொலைக்காட்சியும் பிபிசி ரேடியோ 3 வானொலியும் ஒரே நேரத்தில் இதை ஒலிபரப்பின. வானொலி நேயர்கள் கேட்டுக்கொண்டே பார்ப்பதற்கென நீல அட்டை வரவழைத்துக்கொள்ளும் வசதிகூட இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகு அந்த நீலத்தில் கண் தானாகவே உருவங்களைத் தேடத் தொடங்கும்.

1994 பிப்ரவரி 19 அன்று லண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் இறந்தார். 52 வயது. இரண்டு நாள் கழித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன்பாலீர்ப்பு ஆண்கள் உறவுக்குச் சம்மதிக்கும் வயது வரம்பைப் பற்றி வாக்களித்தது. எல்லோருக்கும் உள்ளதுபோல் 16 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை தோற்று, 18 என்று முடிவானது. வெளியே கூடியிருந்தவர்கள் கொந்தளித்தார்கள்.

‘எட்வர்ட் II’ திரைக்கதை நூலைத் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான எல்லாச் சட்டங்களையும் நீக்குவதற்கே அவர் சமர்ப்பித்தார். அவரைக் குற்றவாளியாக்கிய அதே ஆங்கிலேயச் சட்ட மரபுதான் இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவையும் இலங்கைக்கு 365ஏ பிரிவையும் கொடுத்துவிட்டுப் போனது. 377இன் பிடியிலிருந்து நாம் விடுபட்டது 2018 செப்டம்பர் 6 அன்று. ஜார்மனின் கோபம் நமக்கு அந்நியமானதல்ல.

பார்க்கும் வரிசை: முதலில் ‘காரவாஜியோ’, அடுத்து ‘எட்வர்ட் II’. இந்த இரண்டும் பிடித்தால் ‘செபாஸ்டியான்’. தத்துவத்தில் ஆர்வம் இருந்தால் ‘விட்கன்ஸ்டைன்’ (1993), கறுப்புத் திரைக்கு முன்னால் எடுத்த, எளிமையும் குறும்பும் நிறைந்த படம். ‘தி லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து’, ‘தி கார்டன்’ இரண்டையும் அதற்கப்புறம் பாருங்கள், ‘ப்ளூ’ எல்லாவற்றுக்கும் பிறகு. படங்கள் கைக்குக் கிடைக்கத் தாமதமானால் ‘மாடர்ன் நேச்சர்’ என்ற அவருடைய நாட்குறிப்பு நூலை வாங்குங்கள். 1989 ஜனவரி 1 அன்று குடிலைப் பற்றிய வர்ணனையோடு தொடங்குகிறது. என்ன செடி நட்டார், எது பிழைத்தது, எந்த நண்பர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ‘தி கார்டன்’ படப்பிடிப்பு எந்த அளவில் நிற்கிறது என்று எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து வரும். அவர் ஆங்கிலம் எளிமையானது, அகராதி அதிகம் தேவைப்படாது.